வாஷிங்டன் மாளிகையின் அடித்தளம்

பழைய மனையின்மீது புதுக் கட்டிடம் எழுப்புமுன், மண்ணுக்கடியில் என்ன இருக்கிறதென்று தோண்டிப் பார்ப்பது வீண் செலவு என்று கூறுவோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 2007-ம் வருஷம் நடைபெற்ற புதைபொருள் ஆராய்ச்சியின் வரலாறு அன்னோர் அவசியம் அறியத்தக்கதாகும்.

அந்நகரின் மார்க்கெட் வீதியில் ஆறாவது வீதிக்கருகே ஒரு மாளிகை இருந்தது. 1790 முதல் 1797 வரை ஜார்ஜ் வாஷிங்டனும், அவருக்குப்பின் 1800 வரை ஜான் ஆடம்ஸும் ஜனாதிபதிகளாக அதில் வசித்தனர். 1832-ல் கடைகள் கட்டுவதற்காக அது இடிக்கப்பட்டது. எஞ்சி நின்ற சுவர்களும் 1951-ல் மைதானம் அமைக்கும் பொருட்டு அகற்றப்பட்டன. குடியரசின் முதல் தலைவர் வசித்த மனையின் ஒரு பகுதியில் பிற்காலத்தில் பொதுக் கழிப்பிடம் கட்டப்பட்டதென்றால், ஜனங்களின் ஞாபகசக்தியைப்பற்றி வேறு என்ன சொல்ல!

அம்மாளிகையில் வாஷிங்டன் தம்மோடு ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார். பென்ஸில்வேனியா ராஜ்யத்தின் 1780-ம் வருஷத்துச் சட்டப்படி, வெளியூரார் கொண்டுவரும் அடிமை அங்கே ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். ஆகவே, கெடு முடியுமுன் அவர்களை எல்லைக்கு அப்பால் அனுப்பி மீண்டும் வரவழைப்பது வழக்கமாயிற்று. இந்தத் தந்திரத்தைத் தடுக்கவே 1788-ல் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அடிமைகளும் பொதுஜனங்களும் உண்மையை அறியாதபடி ஏதேனும் சாக்குச் சொல்லி இதனை முடிக்குமாறு வாஷிங்டன் 1791-ல் தம் காரியதரிசிக்குக் கடிதம் எழுதினார். சட்டத்தில் சந்து தேடும் கட்சிக்காரர்களை வக்கீல்கள் அறிவார்கள். அரசியல் சட்டத்தை இயற்றிய சபைக்குத் தலைமை வகித்தவரே அவ்வரிசையில் நிற்பது வருந்தத்தக்கது.

2003-ல் பிரசித்தி பெற்ற சுதந்தர மணிக்குப் புதிய மண்டபம் திறக்கப்பட்டது. அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்டவர்கள் தங்கள் சின்னமாகக் கொண்ட மணி அது. அம்மண்டபத்தின் வாயிலோ, வாஷிங்டனின் அடிமைகள் படுத்துறங்கிய கொட்டிலிருந்த இடத்திற்குச் சில அடி தூரத்தில் அமைந்தது. இது வெளியானதும் கறுப்பு அமெரிக்கர்கள் கிளர்ச்சி செய்தனர். அந்த ஒன்பது பேருக்கும் அவ்விடத்திலேயே ஞாபகச்சின்னம் வேண்டுமென்று விடாது கேட்டனர். சர்க்கார் இறுதியில் இணங்கிற்று. கட்டிட வேலைக்குமுன் நிலத்தைத் தோண்டி ஆராய ஏற்பாடாயிற்று.

2007 மார்ச்சு மாதம் வேலை ஆரம்பமாயிற்று. அதிகம் கிடைக்குமென்று எவரும் நம்பவில்லை. கிடைப்பதைக் குறித்துக்கொண்டு குழியை மூடிவிடுவதே திட்டம். ஆனால் மண் வேறு சாட்சியம் கூறிற்று. வாஷிங்டன் தம் ராஜாங்க உபசாரங்களுக்காகத் திருத்திக் கட்டிய அரைவட்டச் சுவரின் அடித்தளம் வெளிப்பட்டது. அதற்குச் சில அடிகளுக்கப்பால், ஹெர்க்குலிஸ் என்ற அடிமை தலைமைச் சமையற்காரனாக உழைத்த சமையற்கட்டின் அஸ்திவாரம் தென்பட்டது. அதனையும் மாளிகையையும் இணைத்த ஒரு சுரங்கப் பாதையும் கண்டுபிடிக்கப்பட்டது. ஏவலாட்கள் விருந்தாளிகளின் கண்ணிற் படாமலே போய்வருவதற்கு ஏற்ற வழி அது.

பள்ளத்தின் ஓரத்தில் அமைத்த மேடையில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் வந்து நின்று பார்த்தனர். ஆராய்ச்சியாளர்கள் அவர்களுடைய கேள்விகளுக்கு விடையளித்தனர். கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே நின்று, இதுவரை பேசாத விஷயத்தைப் பேசினர். நூறு நூல்கள் செய்யாத வேலையை ஒரு குழி செய்தது என்று நாம் கூறினால் மிகையாகாது. அதை மூடக்கூடாதென்ற அபிப்பிராயம் வலுக்கவே, கட்டிடத்தின் திட்டமே மாற்றப்பட்டது.

இவற்றைத் தோண்டியதால் வாஷிங்டனின் கீர்த்திக்குக் களங்கம் என்பது பேதைமை. தம் சொந்த அடிமைகளை அவர் மரணசாஸனத்தில் விடுவித்தார் என்பதும் வாஸ்தவமே. ஆயினும் 1796 மே மாதத்தில், எஜமானர்கள் உணவருந்திக்கொண்டிருக்கையில் அம்மாளிகையிலிருந்து வெளியேறிய ஓனி ஜட்ஜ் என்ற பெண்ணுக்கு அச்சாஸனம் பயன்படவில்லை. அவள் வாஷிங்டனுடைய மனைவியின் முதற் கணவரது ஆஸ்தியைச் சேர்ந்தவள். அவளைப் பிடித்து வரவும் முயற்சிகள் நடந்தன, பலிக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் ஓடிப்போன அடிமையாகவே நியூ ஹாம்ப்ஷையரில் 1848-ல் அவள் இறந்தாள்.

ஞாபகச்சின்னம் 2010 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதில் கூரையில்லை, மாளிகையின் உருவரை மட்டுமே. கண்ணாடியின் கீழே அரைவட்டச் சுவர், சமையற்கட்டு, சுரங்கப் பாதை ஆகியவற்றின் எச்சங்கள் பார்வைக்கு விடப்பட்டன.