மழைமானியும் வலைப்பக்கமும்: ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதற்பாடங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலைப் பிரதேசத்தில் மழையின் அளவு இடத்திற்கு இடம் பெரிதும் வேறுபடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்கொள்ளும் மூணாற்றில் பெருமழை பொழிகிறது. அங்கிருந்து சாலை வழியே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மறையூரோ மழைமறைவுப் பிரதேசமாகும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பகுதியும் குறைந்த மழையையே பெறுகிறது. தமிழ்நாட்டு எல்லையை அடுத்த இவ்விரு மாவட்டப் பகுதிகளிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர் வாழ்கின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளும் இயங்கி வருகின்றன.

இம்மக்களுக்கு மழைக் கணக்கு வெறும் ஏட்டுப் பாடமன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, கடுமழையினால் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களை மூடியது. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மழையைச் சரியாக அளத்தலும், அளந்ததைப் பிழையின்றிப் பதிதலும், பதிந்ததன் பொருளை உணர்தலும் மலைநாட்டு மாணவர் ஒவ்வொருவரும் கற்க வேண்டியவை ஆகும். இவ்வேலையையே பயிற்சிப் பொருளாகக் கொண்டு ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியின் அடிப்படைகளைக் கற்பிக்க இயலும்.

மொழியும் அதன் பணியும்

வலைப்பக்கம் ஒன்றில் மூன்று கூறுகள் உண்டு. பக்கத்தின் அமைப்பை எச்.டி.எம்.எல். குறிக்கிறது, தோற்றத்தை சி.எஸ்.எஸ். தீர்மானிக்கிறது, படிப்பவரின் செயலுக்கேற்பப் பக்கம் மறுமொழி கூறும்படி செய்வது ஜாவாஸ்கிரிப்ட். இம்மொழியை அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் பத்தே நாட்களில் உருவாக்கினார். 1997-ஆம் ஆண்டில் அதற்குப் பொதுத் தர விதிகள் வகுக்கப்பெற்றன.

கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்விக்கென 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம், 2017-ஆம் ஆண்டில் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் 2018-ஆம் ஆண்டில் தோன்றின. ஆதலின் கணினி அறை அப்பள்ளிகளுக்குப் புதியதன்று. மேலும், ஜாவாஸ்கிரிப்டைப் பயில இணைய இணைப்புத் தேவையில்லை. எளிய உரைக் கோப்பு ஒன்றில் கட்டளைகளை எழுதி, உலாவியில் திறந்தாலே போதுமானது. தொலைபேசிச் சமிக்ஞை எட்டாத தோட்டப் பகுதிகளுக்கு இது பெரிய வசதியாகும்.

மூன்று அடிப்படைகள்

முதலாவது, மதிப்பைச் சேமித்தல். ‘லெட்’ என்னும் சொல்லைத் தொடர்ந்து ஒரு பெயரைத் தந்து, அதனுள் மழை அளவை வைக்கலாம். கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்துகளில் அமைந்தவை எனினும், சேமிப்புப் பெயரை ‘மழை’ என்று தமிழிலேயே எழுதினும் உலாவி ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, நிகழ்ச்சி. பொத்தானை அழுத்துதல் ஒரு நிகழ்ச்சி. அது நேர்ந்தவுடன் செய்ய வேண்டிய வேலைகளின் தொகுதி ‘ஃபங்ஷன்’ எனப்படும்.

மூன்றாவது, நிபந்தனை. இந்திய வானிலைத் துறையின் பகுப்பின்படி, 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை. இதனை ‘இஃப்’, ‘எல்ஸ்’ என்னும் சொற்களால் வினவலாம். வினாக்களின் வரிசை இங்கு முக்கியமானது. 64.5-க்குக் குறையாததா என்று முதலில் வினவினால், 250 மில்லிமீட்டரும் வெறும் கனமழை என்றே விடை பெறும். மிகப் பெரிய அளவிலிருந்து தொடங்குவதே முறை.

எண்ணும் எழுத்தும்

மாலையில் 40, மறுநாள் காலையில் 30 மில்லிமீட்டர் அளக்கப்பட்டன என்று கொள்வோர், மொத்தம் 70 என எதிர்பார்ப்பர். ஆனால் பக்கம் 4030 என்று காட்டக்கூடும். காரணம், பெட்டியில் தட்டப்படுவன யாவும் எழுத்துத் தொடராகவே உலாவியை அடைகின்றன. எழுத்துகளுக்கிடையே கூட்டல் குறி இட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்படும். ‘நம்பர்’ என்னும் கட்டளையால் அவற்றை எண்களாக மாற்றிய பின்னரே கூட்ட வேண்டும். மாற்றத் தவறினால், கனமழை பெய்த நாள் அதிகனமழை நாளாகப் பதிவாகிவிடும்.

வெற்றிடமும் பூஜ்யமும்

இதனினும் நுட்பமான பிழை ஒன்று உண்டு. பெட்டியை நிரப்பாமல் விட்டால், ‘நம்பர்’ கட்டளை அவ்வெற்றிடத்தைப் பூஜ்யமாக மாற்றுகிறது. மழை பெய்யாமையும், மழையை அளவாமையும் ஒன்றல்ல. ஒரு வாரத்தில் ஐந்து நாட்கள் மட்டும் அளக்கப்பட்டு மொத்தம் 140 மில்லிமீட்டர் கிடைத்ததாயின், அளந்த நாட்களின் சராசரி 28 ஆகும். விடுபட்ட இரு நாட்களையும் பூஜ்யமாகக் கொண்டால் சராசரி 20 எனக் குறைந்துவிடும்.

‘40 மி.மீ.’ என்று அலகையும் சேர்த்துத் தட்டினால், விடை எண்ணே அல்லாததாகிவிடும். அத்தகைய மதிப்பு எந்த ஒப்பீட்டிலும் பொருந்தாது. ஆகவே இறுதியில் வைக்கப்பட்ட ‘கனமழை இல்லை’ என்னும் செய்தியே தோன்றும். எனவே, பெட்டி நிரப்பப்பட்டுள்ளதா, நிரப்பியது எண்தானா என்று முதலில் சோதித்து, இல்லையெனில் ‘பதிவு இல்லை’ என்று அறிவிக்கும்படி எழுதுவது அவசியம்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

மாணவர் மழைமானியை நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பார்த்து, முந்திய 24 மணி நேர மழையைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். வானிலைத் துறை கைக்கொள்ளும் நேரமும் இதுவே. பின்னர் அவ்வெண்ணைப் பக்கத்தில் இட்டு, தாம் கையால் கணக்கிட்ட விடையுடன் ஒப்பிட வேண்டும். எல்லை மதிப்புகளான 64.4, 64.5 ஆகியவற்றையும், வெற்றுப் பெட்டியையும், எழுத்துகளையும் வேண்டுமென்றே இட்டுப் பார்க்கச் செய்வது ஆசிரியரின் கடமை. மூணாற்றுப் பள்ளியும் மறையூர்ப் பள்ளியும் தத்தம் பதிவுகளைப் பரிமாறிக்கொண்டால், மழைமறைவு என்னும் புவியியல் கருத்தும் எண்களால் விளங்கும்.

இப்பக்கம் பயிற்சிக்கு மட்டுமே உரியது. அபாய அறிவிப்புக்கு வானிலைத் துறையையும் பேரிடர் மேலாண்மை அதிகாரிகளையுமே நாட வேண்டும். எனினும், தான் அளந்த மழையைத் தானே எழுதிய கட்டளைகளால் தாய்மொழியில் பகுத்துக் கண்ட மாணவர், அவ்வறிவிப்பு வரும்போது அதிலுள்ள எண்ணின் பொருளை உணர்ந்து, தம் வீட்டாருக்கும் எடுத்துரைக்க வல்லவராவர்.