சாவி யார் கையில்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலை. வைகாசி வெயில். இரு மருங்கிலும் சீமைக் கருவேலங்காடு, காட்டுக்குள்ளே கரிமூட்டம், மூட்டத்தின் மேலே மெல்லிய புகை. சாலையோரத்துத் தேநீர்க் கடையில் நான் அமர்ந்திருந்தேன். எதிரே ஒரு ‘குட்டியானை’ வண்டி, கரிமூட்டைகளைச் சுமந்தபடி நின்றுகொண்டிருந்தது.

மோட்டார் சைக்கிளில் இரு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவன் வண்டியின் எண்ணைக் கைப்பேசியில் சரிபார்த்தான். மற்றவன் கதவைத் திறந்து சாவியை உருவினான். தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஓடினார் வண்டிக்காரர். நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் கரி.

“அண்ணே, மூணு ட்யூ நிக்குது. வண்டியை யார்டுக்குக் கொண்டு வரச் சொல்லிட்டாங்க.”

கூச்சல் எழும், கைகலப்பு வரும் என்றுதான் எண்ணினேன். வரவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

“மூட்டையை இறக்கிட்டு எடுத்துக்கிறீங்களா, தம்பி? மூட்டை எனக்குச் சொந்தமில்லப்பா.”

வண்டி போகிறது, வாழ்வு போகிறது. அந்த நேரத்திலும் ஊரான் வீட்டு மூட்டை பத்திரமாக இருக்கவேண்டுமென்று நினைக்கிற மனிதன்! அவனைத்தான், தோழா, கடன் ஏடு ‘நாணயம் தவறியவன்’ என்று குறித்து வைத்திருக்கிறது.

பறிமுதல் செய்ய வந்த இளைஞர்கள் இருவரும் மூட்டைகளை இறக்கக் கை கொடுத்தார்கள். இறக்கி முடித்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். அவர் தமிழில் கையெழுத்திட்டார். நான் வாங்கிப் படித்தேன். “என் வண்டியை நானே முன்வந்து, மனமொப்பி ஒப்படைத்தேன்” என்று பொருள்படும் வாசகம் அதிலே இருந்தது.

மனமொப்பியாம்! அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருந்தால், அச்சடித்த மைக்கே வெட்கம் வந்திருக்கும்.

விவரம் கேட்டேன். 48 தவணையில் 31 கட்டிவிட்டார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி — மழை மாதம் மூன்றிலும் தவறிவிட்டது. தை பிறந்ததும் மீண்டும் மாதந்தோறும் கட்டினார். ஆனால் பழைய மூன்று பழையபடியே நின்றது. அதன் தலையில் அபராதம் ஏறிக்கொண்டே போயிற்று.

ஏன் மழை மாதத்தில் தவறியது? குடித்தாரா? சூதாடினாரா? இல்லை. மழை பெய்தது, அதுதான் குற்றம்!

இந்தச் சீமையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி — வானம் பார்த்த பூமி. வேண்டாத அதிகாரியைத் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு’ மாற்றுவேன் என்பார்களே, அந்தக் காடு. குண்டாறு என்றொரு ஆறு உண்டு; ஆண்டில் பெருநாள் மணல்தான் ஓடும். இங்கே வேலை என்பது ஆண்டு முழுதும் கிடைக்கும் பண்டமல்ல. மிளகாய்ப் பழம் எடுக்க ஒரு பருவம், பருத்தி எடுக்க ஒரு பருவம், கரிமூட்டத்துக்கு ஒரு பருவம். கிழக்கே கடற்கரைக்குப் போனால் உப்பளம். அதுவும் வெயில் உள்ளவரை. மேற்கே சிவகாசிக்குப் போனால் பட்டாசு. தீபாவளி முடிந்தால் அங்கும் ஓய்வு. ஆளை ஏற்றிக்கொண்டு போவதும் சரக்கை ஏற்றிக்கொண்டு வருவதும் இந்த வண்டிதான். மழை இறங்கினால் மூட்டம் அணையும், உப்பளம் மூடும், வண்டி நிற்கும். நாட்டுக்கு நல்ல மழை. அவருக்கு நல்ல பட்டினி!

இதை அரசாங்கம் அறியாதா? அறியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடலுக்குப் பருவம் உண்டென்று ஒப்புக்கொண்டார்கள். உப்புக்குப் பருவம் உண்டென்று ஒப்புக்கொண்டார்கள். கடன் ஏட்டுக்கு மட்டும் பருவமில்லை! மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி. வெயிலென்ன, வெள்ளமென்ன, ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி!

“கடன் வாங்கியவன் கட்டவேண்டாமா?” என்று கேட்பார்கள். கட்டத்தான் வேண்டும். கடனை ஏப்பம் விடு என்று சொல்ல இந்த இயக்கம் பிறக்கவில்லை. 1954-ல் சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் தொடங்கிய காலந்தொட்டு, தவணைக் கடனால் லாரி வாங்கி முதலாளி ஆன டிரைவர்கள் இந்த நாட்டில் ஏராளம். நாமக்கல்லையும் சங்ககிரியையும் கேட்டால் கதை கதையாகச் சொல்லும். கடன் தீதல்ல. கடனை வசூலிக்கும் முறையிலேதான் நீதி வேண்டும் என்கிறோம்.

ஒரு பழைய கணக்கைப் புரட்டுவோம். 1908-ல் வெள்ளைக்காரன் எழுதிய உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதன் 60-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நீதிமன்றமே தீர்ப்பளித்து ஜப்திக்கு ஆள் அனுப்பினாலும், உழவனின் ஏரையும், பிழைப்புக்குத் தேவையான மாட்டையும், கைவினைஞனின் கருவியையும், சமையல் பாத்திரத்தையும், படுக்கையையும், பெண்ணின் கழுத்துத் தாலியையும் தொடாதே என்கிறது. அருப்புக்கோட்டை நெசவாளியின் தறி அந்தப் பாதுகாப்புக்குள் வரும். கடலுக்கப்பாலிருந்து வந்தவனுக்கே தெரிந்திருந்தது — கருவியைப் பறித்தால் கடன் திரும்பாது. கடன்காரன்தான் சாவான் என்று!

இன்று ஏர்மாடு எது? அந்தக் குட்டியானைதான். ஆனால் அந்தச் சட்டம் இதைக் காப்பாற்றவில்லை. ஏனென்றால், வண்டியையே ஈடாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கடன் வாங்குகிறோம். ஆர்.சி. புத்தகத்திலேயே நிதி நிறுவனத்தின் பெயர் ஏறிவிடுகிறது. மாடு நம் தொழுவத்தில். மூக்கணாங்கயிறு அவர்கள் கையில்!

இதற்கொரு வேலி போட 1972-ல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டம் இயற்றியது. விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டி முடித்தவனிடமிருந்து, நீதிமன்றத்தின் வழியாக அன்றிப் பொருளைப் பறிக்கக்கூடாதென்று அதிலே விதி இருந்தது. நல்ல சட்டம். எத்தனை ஆண்டு நடந்தது? ஒரு நாள்கூட நடக்கவில்லை! நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருந்து, 2005-ல் அதை நீக்கிவிட்டார்கள். பிறந்தது, பெயர் வைத்தார்கள், தொட்டிலை விட்டு இறங்கவில்லை, இறந்தது. 33 ஆண்டு டில்லியில் உறங்கிய குழந்தை அது!

பிறகு நீதிமன்றங்கள் பேசின. 2007-ல் உச்ச நீதிமன்றம், வங்கிகள் அடியாட்களை ஏவி வண்டியைப் பறிப்பதைக் கண்டித்தது. சட்டவழியிலேதான் கைப்பற்ற வேண்டும் என்றது. 2011-லும் அதையே வலியுறுத்தியது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் தொல்லை தரக்கூடாது, மிரட்டக்கூடாது, குடும்பத்தாரை இழிவுபடுத்தக்கூடாது என்று உத்தரவிட்டது. 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம், கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியது. மிரட்டுவோர்க்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று விதித்தது.

ஏட்டில் இத்தனை. நாட்டில்? 2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு விவசாயி, டிராக்டர் கடன். வசூலிக்க வந்தவர்களோடு காவல்துறையும் வந்தது. அவர் லத்தியால் அடிபட்ட காட்சியை நாடே கண்டது. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாகில், தந்தையின் டிராக்டரைக் கொண்டுபோகாதீர்கள் என்று குறுக்கே நின்ற கர்ப்பிணி மகள், அந்த டிராக்டரின் சக்கரத்திலேயே நசுங்கி மாண்டாள். அதன்பின் அந்த நிறுவனம் வெளியாட்களைக் கொண்டு வசூலிக்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. 2023 ஜனவரியில் தடை நீங்கியது. தடை நீங்கியது, தந்தையின் துயர் நீங்கியதா?

இப்போது, தோழா, கூர்ந்து கேள். இனிதான் சூட்சுமம் இருக்கிறது. 2020-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு வழங்கியது. வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டி முடியும்வரை நிதி நிறுவனமே உரிமையாளர். பறிப்பதற்கு முன் அறிவிப்புத் தரவேண்டுமா இல்லையா என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றது. ஆக, எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் எதில் இருக்கிறது? ஆங்கிலத்தில்!

முப்பது இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, “இங்கே போடு, இங்கே போடு” என்கிறார்கள். கரிமூட்டக்காரர் போடுகிறார், மிளகாய்க்காரர் போடுகிறார். எதற்குப் போட்டோம் என்று அவருக்குத் தெரியாது. அவருடைய கைக்குத்தான் தெரியும்.

“மொழிப் போராட்டம் வயிற்றை நிரப்புமா?” என்று அன்று ஏளனம் செய்தார்களே! 1965-ல் மாணவர் வீதிக்கு வந்தபோது, சோறில்லாதவனுக்கு மொழி எதற்கு என்று சிரித்தார்களே! இதோ பதில். அந்த ஒரு தாள் தமிழில் இருந்திருந்தால், ‘மனமொப்பி ஒப்படைத்தேன்’ என்பதற்குக் கீழே அவர் கையெழுத்து விழுந்திருக்குமா? சோற்றுக்கும் மொழிக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கையெழுத்துத்தான்!

நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. நிதி நிறுவனம் கடனாளிக்கு அனுப்பும் கடிதங்கள் அவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியே வகுத்த நெறி. கடனின் முக்கிய விவரத்தாளை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்று 2024-ல் ஆணையிட்டதும் அதே ரிசர்வ் வங்கிதான். பறிப்பதற்கு முன் எத்தனை நாள் அறிவிப்பு, ஏலம் விடுமுன் பணம் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு — இவையெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும் என்பதும் அதன் நெறியே. அபராதத்தை வட்டியோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடாதே என்றும் 2023-ல் சொல்லிவிட்டது. உரிமை இருக்கிறது. உரிமை இருப்பது தெரியாத இருட்டும் இருக்கிறது.

அந்த இரு இளைஞர்களை மறந்துவிட்டேன் என்று எண்ணாதே. அவர்கள் யார்? வேற்று நாட்டுப் படையா? காரியாபட்டிப் பக்கத்துப் பிள்ளைகள். ஒருவன் பட்டதாரி. மாதச் சம்பளமில்லை, பிடித்த வண்டிக்குக் கமிஷன். பிடித்தால் சோறு, பிடிக்காவிட்டால் பெட்ரோல் காசும் நட்டம். அவன் ஏறி வந்த மோட்டார் சைக்கிளும் தவணையில் வாங்கியதுதான்! “எனக்கே ரெண்டு ட்யூ நிக்குது, அண்ணாச்சி” என்றான் தாழ்ந்த குரலில். நாளை அவன் வண்டியை உருவ இன்னொரு ஊரிலிருந்து இன்னொரு பிள்ளை வருவான்.

வசூல் முகவர்க்கு 100 மணி நேரப் பயிற்சி வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்பது வங்கிகளுக்கு 2008 முதலே சொல்லப்பட்ட விதி. அந்தத் தம்பியைக் கேட்டேன். சிரித்தான். ஏழையின் சாவியை ஏழை பிடுங்குகிறான். ஏவியவர் குளிரூட்டிய அறையிலே! அடி விழுந்தால் அவன் மேல். வழக்கு வந்தால் அவன் மேல். லாபம் மட்டும் மேலே! இதைவிட நேர்த்தியாக வேலைப் பிரிவினை செய்ய மனுவாலும் முடியுமா?

ஆகவே, அந்தத் தம்பியை அடிக்கக் கை ஓங்காதே. அவனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்: அவனுக்கு மாதச் சம்பளம், பயிற்சி, அடையாளச் சீட்டு. வண்டிக்காரருக்குத் தமிழில் ஒப்பந்தம். வறண்ட சீமைக்குப் பருவத்தவணை — வேலை உள்ள மாதத்தில் கூடுதலாக, மழை மாதத்தில் குறைவாக. முடியாதென்பார்களா? டிராக்டர் கடனில் அறுவடைக்கு ஏற்ப ஆறு மாதத்துக்கொரு தவணை வைக்கும் வழக்கம் உண்டே! 2020-ல் கொரோனா வந்தபோது, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்ததே! உலகமே முடங்கியபோது முடிந்தது, ஒரு மூட்டம் அணையும்போது முடியாதா?

அதுவரை நமக்கொரு வேலை உண்டு. கிளைதோறும் படிப்பகம் வைத்து, பத்திரிகை படித்து, பாமரனையும் வாக்காளனாக்கிய இயக்கம் இது. அதே படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை, ஊராரின் கடன் ஒப்பந்தங்களை விரித்து வைத்து, படித்த பிள்ளை தமிழில் சொல்லட்டும். தவணை தவறுமுன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க உதவட்டும். கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கிறதா பார்க்கட்டும். வெற்றுத்தாளிலும் விளங்காத தாளிலும் கையெழுத்திடாதே என்று சொல்லட்டும். பறிக்க வருபவரிடம் அடையாளச் சீட்டும் நிறுவனத்தின் அதிகாரக் கடிதமும் கேட்கச் சொல்லட்டும். முறை மீறினால் நிறுவனத்துக்கு மனு. 30 நாளில் பதிலில்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு மனு. மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார். செலவு ஒரு தாளும் ஒரு பேனாவும்.

அன்று மாலை, இறக்கிப் போட்ட மூட்டைகளின் மேல் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். வேறு வண்டி வரும்வரை காவல், ஊரான் மூட்டையாயிற்றே! இருட்டியபின் ஒரு வண்டி வந்தது. ஏற்றி அனுப்பிவிட்டு, கரி படிந்த கையோடு நடந்தே ஊருக்குப் போனார். அவர் சட்டைப் பையில் அந்தத் தாளின் நகல் இருந்தது. தன் பெயரைத் தவிர அதில் ஒரு சொல்லும் அவருக்குப் படிக்கத் தெரியாது.

அந்தத் தாளை அவர் படிக்கும் நாள் வரவேண்டும். அந்த நாளில், சாவி யார் கையில் இருக்கும் என்பதை அவரே சொல்லுவார்!