வாளும் வண்ணமும்

வாள்வீச்சும் வானில் பாய்தலும் நிறைந்த சீனத்து வீரக்கதைப் படங்களை நம் இல்லங்களில் இளைஞர் விரும்பிக் காண்கின்றனர். “வெறும் சண்டைதானே!” என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், அவற்றுள் சிறந்தவை, காட்சியின் மொழியாலேயே ஆழ்ந்த கருத்துகளை உணர்த்துகின்றன.

சாங் யீமோ இயக்கி 2002-இல் வெளிவந்த ‘ஹீரோ’ என்னும் படத்தை எண்ணிப் பார்ப்போம். சீனம் பல நாடுகளாகப் பிளவுண்டு போரிட்ட காலம். சின் நாட்டு மன்னனைக் கொல்ல முயன்ற மூவரைத் தான் வென்றதாகக் கூறி, பெயரற்ற வீரன் ஒருவன் அரண்மனைக்கு வருகிறான். அவன் புனையும் கதையில் எங்கும் சிவப்பு; ஐயுற்ற மன்னன் ஊகிக்கும் கதையில் நீலம்; உண்மை வெளிப்படுகையில் வெள்ளை; பழைய நினைவுகளுக்குப் பச்சை. குருவானவரின் திருவுடை நிறத்தைக் கண்டதும் திருநாளின் பொருளை உணரும் நமக்கு, இம்மொழி புதியதன்று.

வீரன் மனத்தில் மறைந்துள்ள கொலை எண்ணத்தை, தன்முன் எரியும் சுடர்கள் நடுங்குவதைக் கண்டே மன்னன் அறிகிறான். பத்தே அடித் தொலைவில் இருந்தும், நாடுகள் ஒன்றாகிப் போர் ஒழியட்டும் என்று வீரன் அவனைக் கொல்லாது விடுகிறான். பின்னர் அம்புமாரிக்கு இரையாகிறான். அம்புகள் தைத்த வாயிற்கதவில், அவன் நின்ற இடம் மட்டும் மனித உருவில் வெறுமையாய் நிற்கிறது. சொல் ஏதுமின்றி நெஞ்சை உலுக்கும் காட்சி இது!

கெத்சமனித் தோட்டத்தில் பேதுருவின் வாளை உறையிலிடப் பணித்த ஆண்டவரை வழிபடும் நாம், வாளைத் தாழ்த்தும் வீரத்தைப் போற்றுகிறோம். ஆனால் படம் மன்னனுக்குக் காட்டும் பரிவை அப்படியே ஏற்றல் தகுமோ? கி.மு. 221-இல் அவன் சீனத்தை ஒன்றாக்கியது படையெடுப்புகளால் அன்றோ? குருதியில் எழுப்பிய ஒற்றுமையும் நீதியின்மேல் எழும் சமாதானமும் ஒன்றாகா. அழகிய வண்ணங்கள் இவ்வேறுபாட்டை நம் கண்ணுக்கு மறைத்துவிடலாகாது.

காண்பவற்றை ஆழ்ந்து உணரவும், அறிந்தோருடன் கலந்து பேசவும், நேரிய தீர்ப்புக் கூறவும் இளைஞர் பழக வேண்டுமென 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டில் அறிவுறுத்தியது. எனவே, பிள்ளைகளைக் கடிந்துகொள்வதோடு நில்லாது, அவர்கள் அருகில் அமர்வோம். படம் முடிந்ததும், “அந்த வீரன் செய்தது சரியா?” என்று கேட்போம். அவர்கள் கூறும் விடையைப் பொறுமையுடன் கேட்போம். அவ்வுரையாடலே இல்லத்தில் நடைபெறும் நல்லதொரு மறைக்கல்வியாக அமையும்.