ஊர்ப்பள்ளியும் பெற்றோர் கடமையும்

ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாகூரில் ஒரு பெரிய கல்விச்சாலை நடைபெற்று வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அக்கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன என்பதைப் பாகூர்ச் செப்பேடுகள் எடுத்துரைக்கின்றன. அன்று மூன்று ஊர்களின் வருவாய் ஒரு கல்விச்சாலையை வாழ்வித்தது. இன்று நம் தொடக்கப்பள்ளிகளை அரசே நடத்துகிறது. ஆசிரியர் சம்பளம், கட்டடம், பாடநூல், மதிய உணவு ஆகிய யாவும் பொதுப் பணத்திலிருந்து வருகின்றன. அவ்வாறிருக்க, பெற்றோர் செய்வதற்கு இனி என்ன உளது என்று வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நம் அங்கத்தினர் வினவுதல் இயல்பே. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரார் இட்ட வித்து

இன்று அரசின் கடமையாக நாம் கருதும் பள்ளி உணவு, ஒரே நாளில் மேலிருந்து வந்ததன்று. 1920ஆம் ஆண்டில், நெசவாளர் குலத்தில் பிறந்த சர் பி. தியாகராய செட்டியார் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் இசைவளித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது ஏற்பாடு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையிலும் 1930ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கப்பெற்றது.

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாநிலத்தில் 1956ஆம் ஆண்டு பரவத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் ஊராரின் நன்கொடையாலேயே நடைபெற்றது. பின்னரே அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு எனக் கணக்கிட்டு, 6 காசை அரசு தந்தது. எஞ்சிய 4 காசுக்கு ஊராரே பொறுப்பேற்றனர். அந்நாளில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1958ஆம் ஆண்டு முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் கூடின. முதல் மாநாடு கடம்பத்தூரில் நடைபெற்றது. பள்ளிக்குத் தேவையானவற்றைப் பட்டியலிட்டு ஊரார்முன் வைப்பதும், அவரவர் தம்மால் இயன்றதை ஏற்றுக்கொள்வதும் அவற்றின் முறை. பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் சீருடையும் இவ்வாறே பல பள்ளிகளை அடைந்தன.

சட்டம் தந்த உரிமை

முன்னர் ஊராரின் விருப்பமாக இருந்தது இன்று உரிமையாகிவிட்டது. 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோராக அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளி நடைபெறும் முறையைக் கண்காணித்தல், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வகுத்தல், வந்த மானியம் செலவான வகையைப் பார்த்தல் ஆகியன அக்குழுவின் பணிகள்.

கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினருக்கு இது புதிய கலையன்று. கூட்டத்துக்கு முன்னறிவிப்பு, வருகைப் பதிவு, தீர்மானம், நடவடிக்கைக் குறிப்பு, ஐந்தொகை ஆகியவற்றை நாம் நன்கறிவோம். சங்கத்தில் பழகிய இவ்வொழுங்கைப் பள்ளிக்கும் கொண்டு செல்வதே நாம் செய்யத்தக்க முதல் உதவி. குழுக் கூட்டத்தைத் தறி ஓடும் வேளையிலும் நடவு நாளிலும் வைத்தால் கூலி இழந்து எவர் வருவர்? மாலை விளக்கேற்றியபின் கூட்டினால் தாய்மாரும் வருவர்.

பணமும் உழைப்பும்

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். ஒரு பள்ளியில் 40 குடும்பங்கள் உள்ளன எனக் கொள்வோம். இயன்ற குடும்பங்கள் 30 மட்டும் திங்கள்தோறும் 20 ரூபாய் தந்தால் ஓராண்டில் 7,200 ரூபாய் சேரும். நூலகப் புத்தகங்களுக்கும், விளையாட்டுப் பொருள்களுக்கும், ஆண்டு விழாவுக்கும் இது பயன்படும். ரொக்கம் அரிதான வீட்டில் பிடியரிசி எடுத்து வைப்பது நம் தாய்மார் அறிந்த பழைய முறை. அறுவடையில் ஒரு மரக்கால் நெல், தறியில் எஞ்சிய துண்டுத் துணி ஆகியவற்றையும் திரட்டி விற்கலாம்.

பணத்தினும் மேலானது நேரம். மழையால் தெருவில் பாவு நீட்ட இயலாத நாளில் நெசவாளர் ஒருவர் பள்ளி சென்று, பாவும் ஊடையும் சேர்ந்து துணியாகும் வகையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். உழவர் ஒருவர் பள்ளித் தோட்டத்தில் கீரைப் பாத்தி அமைத்துத் தரலாம். படிக்கத் தெரிந்த தாய் ஒருவர் வாரம் ஒருமுறை கதை படித்துக் காட்டலாம். மற்றொருவர் மதிய உணவைச் சுவைத்துப் பார்த்துக் குறை இருப்பின் குழுவில் கூறலாம்.

காக்க வேண்டிய எல்லை

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நன்கொடை கட்டணமாக மாறிவிடலாகாது. தொடக்கக் கல்வியை முடிக்கத் தடையாகும் எக்கட்டணமும் எப்பிள்ளையிடமும் பெறலாகாது என்பது சட்டம். தராதவர் பெயரைப் பலகையில் எழுதுதல், பிள்ளையிடம் பணம் கேட்டு அனுப்புதல், தந்தவர் பிள்ளையை முன் வரிசையில் அமர்த்துதல் ஆகியவை கொடையின் பெயரால் செய்யும் கொடுமைகள். நாணி நின்றுவிடும் ஒரு பிள்ளையின் இழப்பை எந்த நன்கொடையும் ஈடு செய்யாது. ஆதலின் தொகையைக் குழுவே பெறுக. ஒவ்வொன்றுக்கும் ரசீது தருக. இருவர் கையொப்பமின்றி எடுக்காதிருக்க. வரவு செலவைத் திங்கள்தோறும் படித்துக் காட்டுக. ஒருநாள் உழைப்பைத் தந்தவரையும் நன்கொடையாளராகவே பதிவு செய்க. ஆசிரியர் பணியிடம் ஒழிவாயிருந்தாலும், கூரை ஒழுகினாலும் அவற்றை நன்கொடையால் மூடிமறைத்தல் ஆகாது. தீர்மானம் நிறைவேற்றி அரசிடம் கேட்டுப் பெறுதலே முறை.

சங்கத்தின் பங்கு

இங்கிலாந்தில் இராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு கடை திறந்த 28 முன்னோடிகளுள் நெசவாளர் பலர் இருந்தனர். அவர்கள் நிறுவிய சங்கம் பின்னர் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கியது. கல்வியும் சமுதாய நலனும் இன்றும் உலகக் கூட்டுறவுக் கொள்கைகளுள் அடங்கும். எனவே இலாபம் ஈட்டும் சங்கம், சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவுக்கு, பொதுநல நிதியிலிருந்து ஊர்ப்பள்ளிக்கு உதவலாம். நட்டத்தில் நடைபெறும் சங்கம் அவ்வாறு செய்தலாகாது. அது தன் அங்கத்தினர் உழைப்பைத் தந்தாலே போதும்.

பெற்றோர் புறக்கணித்த பள்ளியில் பிள்ளைகள் குறைவர். பிள்ளைகள் குறைந்த பள்ளி வேறொன்றுடன் இணைக்கப்படவோ மூடப்படவோ நேரும். அப்போது வசதியுள்ளோர் வண்டியில் பிள்ளைகளை நகருக்கு அனுப்புவர். வசதியற்ற நெசவாளர், உழவர் பிள்ளைகளே தொலைவு நடக்க நேரிடும். அரசு நீட்டித் தந்துள்ள பாவில் ஊடை செலுத்த வேண்டியவர் நாமே. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வாரமே தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து, அதற்குத் தவறாது செல்வாராக.