மின்தடை நாளில் உங்க ஜெனரேட்டர் எந்தப் பக்கம் கரண்ட் அனுப்புது?

"பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்விநியோகம் இருக்காது." இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவீங்க, போனை சார்ஜ் போடுவீங்க. ஜெனரேட்டர் இருந்தால் டீசல் இருக்கிறதா என்றும் பார்ப்பீங்க. அப்போதே அதன் சேஞ்ச் ஓவர் சுவிட்சையும் ஒருமுறை பாருங்க.

ஏன் என்று தெரிய, முதலில் துணை மின் நிலையத்துக்குள் போய்வருவோம். அங்கே ஒரு ஃபீடரை நிறுத்த முதலில் பிரேக்கரைத் திறக்க வேண்டும், பிறகுதான் ஐசோலேட்டர். வரிசை மாறி, லோடு ஓடும்போதே ஐசோலேட்டரை இழுத்தால் பெரிய தீப்பொறி கிளம்பி இயக்குபவரையே சுட்டுவிடும். அதேபோல, ஐசோலேட்டர் மூடியிருக்கும்போது எர்த் சுவிட்சைப் போட முடியாதபடி இரண்டையும் இயந்திர முறையில் பிணைத்திருப்பார்கள். இதற்குப் பெயர்தான் இன்டர்லாக். மனிதர் மறந்தாலும் இரும்பு மறக்காது. இதற்கு மேல் 'லைன் கிளியர்' என்ற எழுத்துமூல அனுமதி வேறு உண்டு. அது கைக்கு வந்த பிறகுதான் லைன்மேன் கம்பத்தில் ஏறுவார்.

இத்தனை பூட்டும் மின்சாரம் துணை மின் நிலையத்திலிருந்து வரும் வழியை மட்டுமே அடைக்கிறது. உங்க வீட்டிலிருந்து திரும்பிப் போகும் வழி உங்க சுவிட்ச் போர்டில் இருக்கிறது.

தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 400 வோல்ட் அளவுக்கு இறக்குகிறது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் தெரியாது. உங்க ஜெனரேட்டர் கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாக அதற்குள் போனால், அதே விகிதத்தில் ஏற்றி மேலே 11,000 வோல்ட்டாகக் கொடுத்துவிடும். "ஊரு லோடு ஏறுனா ஜெனரேட்டரே நின்னு போயிருமுங்க" என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் நிற்கும்தான். ஆனால் வேலைக்காகப் பிரித்துவைத்த அந்தத் துண்டு லைனில் நாலைந்து இணைப்புகளே இருந்தால் நிற்காது. பட்டறை ஜெனரேட்டர் இன்னும் தாராளமாக இழுக்கும். லைன்மேன் எர்த் ராடு மாட்டுவது இதற்கும் சேர்த்துத்தான். மாட்டுவதற்கு முந்தைய நிமிஷத்தில் அவருக்கு எந்தக் காவலும் இல்லை.

கொங்குப் பகுதியில் இது சின்ன விஷயமில்லை. 2012 வாக்கில் பல மணி நேர மின்வெட்டில் தவித்த கோவை, திருப்பூர், சோமனூர் பக்கம் தறிக்கூடம், லேத் பட்டறை என்று ஜெனரேட்டர் வாங்கிப் போட்டவர்கள் ஏராளம். அவசரத்தில் செய்த ஒயரிங் சில இடங்களில் இன்னும் அப்படியே இருக்கிறது.

சரியான சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குக் கைப்பிடி ஒன்றுதான். ஒரு பக்கம் ஈ.பி., நடுவில் ஆஃப், மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. சிங்கிள் ஃபேஸ் என்றால் இரண்டு போல், த்ரீ ஃபேஸ் என்றால் நான்கு போல் வாங்குங்க, நியூட்ரலும் சேர்ந்து பிரிய வேண்டும். தனித்தனியாக இரண்டு எம்.சி.பி. வைத்து, "ஒண்ணை ஆஃப் பண்ணிட்டு இன்னொண்ணைப் போடுங்க" என்று சொல்லிக்கொடுத்தால் அது இன்டர்லாக் ஆகாது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரை சுவர் பிளக் பாயின்ட்டில் சொருகுவது எல்லாவற்றையும் விட மோசம்.

பெரிய மில் பேனல்களில் அழகான ஏற்பாடு ஒன்று உண்டு: மூன்று பிரேக்கர், மூன்று பூட்டு, இரண்டே சாவி. சாவி இல்லாத பிரேக்கர் மூடாது என்பதால் எந்த நேரத்திலும் இரண்டுதான் ஓடும். ஷிப்ட் மாறினாலும், புது ஆள் வந்தாலும் கணக்கு தப்பாது.

மாடியில் சோலார் போட்டவர்கள் அடிக்கடி கேட்பது: "நல்ல வெயில் அடிக்குது, கரண்ட் போனா சோலாரும் ஏன் நிக்குது?" அது பழுதில்லை. ஈ.பி.யோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இல்லை என்று கண்டதும் தானே விலகிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. இதை மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீங்க. மின்தடையிலும் சோலார் வேண்டுமென்றால், பேட்டரியோடு, ஈ.பி.யைத் தானே பிரித்துக்கொள்ளும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருக்கிறது.

அடுத்த மின்தடையில் ஒரு சோதனை செய்யலாம். அக்கம்பக்கத்தில் எங்கும் கரண்ட் இல்லாதபோது ஜெனரேட்டரை ஓட்டி, ஈ.பி. மீட்டரைத் தள்ளி நின்று பாருங்க. பேட்டரியால் எண்கள் தெரியலாம், ஆனால் சிவப்பு விளக்கு எரியவோ மினுக்கவோ கூடாது. எரிந்தால் ஜெனரேட்டரை உடனே நிறுத்துங்க. நிறுத்தியதும் விளக்கும் அணைந்தால் கரண்ட் போனது உங்க இடத்திலிருந்துதான். மெயினை ஆஃப் செய்துவிட்டு, லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் சரிசெய்யும் வரை ஜெனரேட்டரைத் தொடாதீங்க. நிறுத்திய பிறகும் விளக்கு எரிந்தால், ஒன்று சப்ளை வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு யாரோ அனுப்புகிறார்கள். லைனில் ஆள் இருக்கலாம் என்பதால் உங்க பிரிவு அலுவலகத்துக்கோ, 24 மணி நேரமும் இயங்கும் மின்னகத்துக்கோ (94987 94987) அப்போதே சொல்லிவிடுங்க.