மரத்தில் கோடரி விழ யார் சொல்ல வேண்டும்?

1968-ல் நீலகிரியில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டது வனத்துறையேதான். ஒரு மரக்கிளைக்கு மனு எழுதி அலையும் இன்றைய கூடலூர்க்காரரிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறோம் என்பார்.

அந்தக் கதையின் தொடக்கம் டெல்லி. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத்திலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அயல்நாட்டு ஒப்பந்தமும் குடியுரிமையும் மத்தியப் பட்டியலில் உள்ளவை, கையெழுத்து அங்கே. வருபவர்களுக்கு வேலைக்கும் கூரைக்கும் வேண்டிய நிலமோ மாநிலத்தின் கையில். காடும் அன்று மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ச் சரிவுகளில் மரம் விழச் சென்னைக் கோட்டையின் உத்தரவே போதும். அப்படித் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், 1976-ல் ‘டேன்டீ’ என்ற கழகமாயிற்று.

அதே 1976-ல், நெருக்கடி நிலையின் நடுவே, 42-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. கல்வியும் காடும் ஒன்றாகவே பொதுப்பட்டியலுக்குப் போயின. கல்வி போனதைப் பற்றி நம் மேடைகள் இன்றும் ஓயவில்லை. காடு போனதற்கு யாரும் இவ்வளவு குரல் கொடுத்ததாக நினைவில்லை. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், காட்டு நிலத்தை வேறெதற்குப் பயன்படுத்தவும் மத்திய அரசின் முன்அனுமதி கட்டாயம். (2023 திருத்தத்தில் அந்தச் சட்டத்தின் பெயரே ‘வன் சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன் அதினியம்’ ஆகிவிட்டது. பந்தலூரில் அதை ஒரே மூச்சில் சொல்பவருக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.)

மூன்றாவது கை நீதிமன்றத்துடையது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை இந்தியா முழுமைக்குமான ஆணையாக இருந்தது. நிலம் யாருடையதானாலும், அகராதிப் பொருளில் காடு என்றால் அது காடே. தமிழ்நாட்டுக்கென்று சொன்ன இடத்தில் ஜென்மம் எனப்படும் பரம்பரை உடைமை நிலத்து மரங்களும் தப்பவில்லை. எஸ்டேட்டுகள் இனிக் காட்டுக்குள் கால் நீட்டக் கூடாது என்றும் சொன்னது. காட்டுக்கு இது நல்லதே செய்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 1968-ன் வேகத்தில் சென்னையை விட்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

ஆனால் பாதை ஒருவழிதான், சீசன் காலத்துக் குன்னூர் மலைப்பாதை மாதிரி. 2022-ல் டேன்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பித் தர மாநில அரசு ஆணையிட்டது. தோட்டத்தைக் காடாக்கச் சென்னை போதும். காட்டு நிலத்தை வேறொன்றாக்கத்தான் டெல்லி வேண்டும்.

டெல்லியின் கையெழுத்தில் வந்து, சென்னை திருத்திய மண்ணில் கொழுந்து பறித்தவர்கள் இப்போது ஓய்வு பெறுகிறார்கள். வேலை போனால் தோட்டம் தந்த லைன் வீடும் போகும். பக்கத்திலேயே மூன்று சென்ட் கேட்டால், ஏட்டில் அது காட்டு நிலம். 2006 வன உரிமைச் சட்டத்தைக் காட்டலாம் என்றால், பழங்குடி அல்லாதவர் அங்கே 75 ஆண்டுகள், மூன்று தலைமுறை வாழ்ந்திருக்க வேண்டும். இவர்கள் கப்பலேறி வந்ததே 1964-க்குப் பிறகு.