பைக்கின் மூச்சில் ஓடும் கார்

பிரிட்டனில் வீட்டுக் கொட்டகையிலேயே சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 250 பவுண்டு செலவில் ஸ்போர்ட்ஸ் கார் செய்வது எப்படி என்று 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் ஒரு புத்தகமே எழுதினார். அந்த வகைக் கார்களின் பானெட்டைத் திறந்தால் சிலவற்றில் ஓர் அதிசயம் கண்ணில் படும். பழைய ஃபோர்டு காரிலிருந்து எடுத்த 2 லிட்டர் ‘பின்டோ’ எஞ்சின். அதன் பக்கவாட்டில், காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் நான்கு கார்புரேட்டர்கள், யமஹா ஆர்1 பைக்கிலிருந்து வந்தவை. 1 லிட்டர் பைக்குக்காகச் செய்தவை 2 லிட்டர் காருக்கு எப்படிப் போதும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டர் ஒவ்வொன்றும் எஞ்சினின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கிறது. ஆர்1-ன் சிலிண்டர் கால் லிட்டர். நிமிடத்துக்கு 10,000 சுற்று. பின்டோவின் சிலிண்டர் அரை லிட்டர், 5,000 சுற்று. பெருக்கினால் இரண்டிலும் சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 1,250 லிட்டர் காற்று! நான்கும் சேர்ந்து 5,000 லிட்டர். மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஐந்தை ஒரே நிமிடத்தில் உறிஞ்சுவதற்கு இது சமம். இத்தனை காற்றோடு கலக்கும் பெட்ரோலோ சுமார் அரை லிட்டர்தான். பைக் மூன்று மில்லி விநாடியில் கால் லிட்டரை இழுக்கிறது; கார் ஆறு மில்லி விநாடியில் அரை லிட்டரை இழுக்கிறது. வேகம் ஒன்றேதான். கார்புரேட்டரின் 40 மி.மீ. குழாய்க்கு எஞ்சின் மாறியதே தெரியாது.

அந்தக் குழாய்க்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இவை ‘மாறா உறிஞ்சல்’ கார்புரேட்டர்கள். குழாயின் கழுத்தில் உள்ள உறிஞ்சலை ஏறக்குறைய ஒரே அளவில் தாமே வைத்துக்கொள்பவை. மேலிருந்து ஒரு நகரும் அடைப்பு கழுத்தை மறித்துத் தொங்குகிறது. அதன் தலையில் ஒரு ரப்பர் சவ்வு. சவ்வின் கீழே வெளிக்காற்றின் அழுத்தம். மேலே, அடைப்பில் உள்ள சிறு துளை வழியாகக் கழுத்தின் உறிஞ்சல். காற்று வேகமெடுத்தால் உறிஞ்சல் கூடும், அடைப்பு மேலேறும், வழி அகலும், வேகம் தணியும். நாம் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பது எஞ்சின் பக்கமுள்ள ஒரு தகடு மட்டுமே. கழுத்து எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை எஞ்சினின் இழுப்பே முடிவுசெய்கிறது. அடைப்பின் அடியில் கூம்பிச் செல்லும் ஓர் ஊசி பெட்ரோல் துளைக்குள் நிற்கிறது. அடைப்பு ஏற ஏற ஊசியின் மெலிந்த பகுதி துளைக்கு வரும். பெட்ரோலும் அதே கணத்தில் கூடும். எந்த எஞ்சினில் பூட்டினாலும் ஓரளவு ஒத்துப்போகும் குணம் இதற்கு வந்தது இப்படித்தான்.

இந்த யோசனை யமஹாவின் நாடான ஜப்பானில் பிறந்ததல்ல. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கிய எஸ்.யூ. கார்புரேட்டரில் இதே தத்துவம் உண்டு. மோரிஸ் மைனர், மினி போன்ற கார்கள் அதில் ஓடின.

ஓரளவு ஒத்துப்போவதைத் துல்லியமாக்குவதே ட்யூனிங். முதல் வேலை பெட்ரோலின் அழுத்தத்தைக் குறைப்பது. பைக் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை வால்வு மிக மென்மையானது. கார் பம்ப்பின் தள்ளலை அது தாங்காது. நடுவில் ஒரு கட்டுப்படுத்தி வைத்து 2 முதல் 3 பி.எஸ்.ஐ.க்குள் இறக்காவிட்டால் பெட்ரோல் பொங்கி வழியும். சூடான எஞ்சின்மேல் அது தீ அபாயம். இதில் யாரும் அவசரப்படக் கூடாது.

அடுத்தது சமன்செய்தல். நான்கு குழாய்களிலும் உறிஞ்சல் மீட்டர்களை மாட்டி, ஐட்லிங்கில் ஓடவிட்டு, முதல் இரண்டைத் தமக்குள் சமமாக்குவார்கள். பிறகு கடைசி இரண்டை. முடிவில் நடுத் திருகால் இரு ஜோடிகளையும் ஒன்றாக்குவார்கள். நான்கு முட்களும் ஒரே இடத்தில் நின்றதும் எஞ்சினின் குலுக்கல் அடங்கிவிடும்.

நுட்பமெல்லாம் ஜெட்டில் இருக்கிறது. பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகு அது. பைக்கில் இருந்த ஏர் பாக்ஸ் என்ற காற்றுப் பெட்டி காரில் இல்லாததால் காற்று தாராளமாக நுழைகிறது, கலவை மெலிகிறது. மெலிந்த கலவையில் எஞ்சின் சூடேறும்; பிஸ்டனே ஓட்டையாகலாம். அதனால் துளையைப் பெரிதாக்குவார்கள். 1.30 மி.மீ. துளையை 1.35 ஆக்கினால் போதும், பரப்பு 8 சதவீதம் கூடிவிடும். ஆனால் இந்த மாற்றம் பெரும்பாலும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் தெரியும். நடுத்தர ஓட்டத்தை ஆள்வது ஊசி. அதன் கீழ் மெல்லிய வாஷர் வைத்து உயர்த்துவார்கள். ஐட்லிங்குக்குத் தனியாகக் கலவைத் திருகு உண்டு.

சரியாக அமைந்ததா என்று புகைக்குழாயில் பொருத்தும் ஆக்சிஜன் சென்சார் எண்ணாகச் சொல்லும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13 பங்கு காற்று, எடைக் கணக்கில், என்பதை ஒட்டியே பலரும் தொடங்குகிறார்கள். ஆனால் சென்சார் காட்டுவது நான்கு சிலிண்டர்களின் சராசரியை. தனித்தனியாகத் தெரிய ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும்: இளம்பழுப்பு என்றால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம். ஒரே கார்புரேட்டர் நான்கு சிலிண்டருக்கும் பங்குபோட்ட பழைய அமைப்பில் மூன்றாவது பிளக் மட்டும் வெளுத்தால் அதற்கென்று பெட்ரோலைக் கூட்ட வழியில்லை. இங்கே மூன்றாவது ஜெட்டை மட்டும் மாற்றினால் போதும்.